பைதன் அசைன்மென்டுகளைத் திருத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: முதல்முறை எழுதுபவர்களுக்கு

"அண்ணா, என்ட லெப்டொப்பில ஓடுது தானே, ஏன் சைபர்?"

நான் டெமொன்ஸ்ட்ரேட்டராக, அதாவது விரிவுரையாளருக்கு உதவியாளராகச் சேர்ந்த முதல் செமஸ்டரில், மார்க்ஸ் போட்ட அன்று பின்னேரமே வந்த மெசேஜ் இது. அந்தப் பிள்ளையின் கோடைத் திறந்து பார்த்தால், முழு பேட்ச்சிலும் சுத்தமாக எழுதப்பட்டது அதுதான். சைபர் போட்டது திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து நான் இரண்டு இரவு முழித்து எழுதிய ஸ்கிரிப்ட். எங்கே பிழைத்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

இந்த வேலைக்கு ஆயத்தக் கருவிகள் இருக்கின்றன. பாடங்களை ஆன்லைனில் நடத்தும் மூடில் தளத்தை வைத்திருக்கும் இடங்களில், கோடைத் தானாகத் திருத்தும் விபிஎல், கோட்ரன்னர் இரண்டையும் இணைக்கலாம். கோட்ரன்னர் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. யோசனை அதைவிடப் பழையது. 1960 இலேயே ஜாக் ஹாலிங்ஸ்வர்த் என்பவர் பஞ்ச் கார்டில் வந்த மாணவர் ப்ரோக்ராம்களை கம்ப்யூட்டரைக் கொண்டே திருத்தியதைப் பற்றி எழுதிவிட்டார். என்றாலும் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், அப்போதுதான் அந்தக் கருவிகள் எங்கே சறுக்கும் என்று விளங்கும். பைதனில் லூப்பும் ஃபங்ஷனும் தெரிந்தால் போதும்.

முதல் படி: கேள்வியை எழுதுவது

ஸ்கிரிப்டை எழுத முன்பு கேள்வியை எழுதுங்கள், பாதித் திருத்தம் அங்கேயே முடிந்துவிடும். என் உதாரணம் ஊர் விஷயம்தான்: மீன் வாடிக்கு வந்த பெட்டிகளின் எண்ணிக்கையை முதல் வரியிலும், ஒவ்வொரு பெட்டியின் எடையையும் கிலோவில் அடுத்தடுத்த வரிகளிலும் கொடுப்போம், மொத்த எடையையும் சராசரியையும் இரண்டு தசமதானத்தில் தனித்தனி வரியில் அச்சிட வேண்டும். ஒரு சோதனை இப்படி இருக்கும்:

உள்ளீடு
3
12.5
8
20.25

எதிர்பார்க்கும் வெளியீடு
40.75
13.58

இப்படி ஒரு பத்துச் சோதனை. ஒரே ஒரு பெட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே எடை, நூறு பெட்டி, அப்புறம் கட்டாயம் பெட்டியே இல்லாத நாள். மாரிக் கடல் குமுறும்போது இங்கே ஒரு படகும் இறங்காது, அன்றைக்கு எண்ணிக்கை 0, சராசரிக்காக 0 ஆல் வகுக்கப்போன ப்ரோக்ராம் அந்த இடத்திலேயே விழும். ஆனால் பெட்டி இல்லாவிட்டால் இரண்டு வரியிலும் 0.00 வர வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லாததற்கு மார்க்ஸ் வெட்டுவது அநியாயம். மாதிரிக்கு இரண்டு சோதனையைக் காட்டி, மற்ற எட்டையும் மறைத்து வையுங்கள். எல்லாவற்றையும் காட்டினால், 40.75 ஐயும் 13.58 ஐயும் நேரே ப்ரின்ட் பண்ணிவிட்டு முழு மார்க்ஸ் கேட்க ஒருவர் எப்படியும் வருவார்.

இரண்டாம் படி: ஃபைல்களைச் சேர்ப்பது

அலுப்பான வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் இண்டெக்ஸ் நம்பர் மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். சொன்னாலும் 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்', ஸிப்புக்குள் ஸிப், வேர்ட் டொக்யுமென்டில் ஒட்டிய கோட் எல்லாம் வரும். பெயர் பொருந்தாதவற்றை ஸ்கிரிப்ட் தனி ஃபோல்டரில் ஒதுக்கட்டும், அவற்றைக் கையால் பாருங்கள்.

மூன்றாம் படி: ஓட்டுவது

மாணவரின் கோடை உங்கள் ஸ்கிரிப்டுக்குள் இம்போர்ட் பண்ணாதீர்கள். அவருடைய ப்ரோக்ராம் நடுவில் எக்ஸிட் பண்ணினால் உங்களுடையதும் சேர்ந்து நின்றுவிடும். பைதனோடு வரும் சப்ப்ராசஸ் மாட்யூலில் 'ரன்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அது மாணவரின் ப்ரோக்ராமைத் தனி ப்ராசஸாக ஓட்டும். எதை ஓட்டுவது, என்ன உள்ளீடு, எத்தனை செக்கனில் நிறுத்துவது என்ற மூன்றையும் அதற்குக் கொடுத்து, வெளியீட்டையும் எரரையும் பிடித்துத் தா என்று சொல்ல வேண்டும். நேர எல்லைக்கு இரண்டு செக்கன் தாராளம். நேர எல்லையை மட்டும் விட்டுவிடாதீர்கள், யாரோ ஒருவரின் வைல் லூப் முடியாமல் சுற்றும், நீங்கள் காலையில் எழும்பிப் பார்க்கும்போதும் அதே ஆள்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

சாரம் இவ்வளவுதான்:

ஒவ்வொரு மாணவருக்கும்
ஒவ்வொரு சோதனைக்கும்
ப்ரோக்ராமை உள்ளீட்டோடு ஓட்டு
நேரம் கடந்தால்: "நேரம் கடந்தது" என்று குறி
எரர் வந்தால்: எரரின் கடைசி வரியைக் குறி
இரண்டும் இல்லையென்றால்: வெளியீட்டை ஒப்பிடு

நான்காம் படி: ஒப்பிடுவது

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். வெளியீடு அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும் என்று எழுதியிருந்தேன், பாதிப் பேருக்கு மேல் சைபர். பிள்ளைகள் இன்புட் ஃபங்ஷனுக்குள் "எத்தனை பெட்டி?" என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் போடுவார்கள், அப்படித்தானே லெக்சரில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆள் இருந்து டைப் பண்ணும்போது அது வெறும் கேள்வி, ஸ்கிரிப்ட் வெளியீட்டைப் பிடிக்கும்போது அந்த வாசகமும் விடையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

சரி, வெளியீட்டில் உள்ள எண்களை மட்டும் பொறுக்கி எடுப்போம் என்று மாற்றினேன். அப்போது "1 ஆவது பெட்டி:" "2 ஆவது பெட்டி:" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தவர்கள் மாட்டினார்கள், அந்த 1, 2 உம் எண்கள்தானே. கடைசி இரண்டு எண்களை மட்டும் எடுத்தபோது பெரும்பாலும் சரிவந்தது. இப்போது நான் செய்வது இரண்டும்: இன்புட்டில் வாசகம் வேண்டாம் என்று கேள்வியில் தடித்த எழுத்தில் போடுகிறேன், மீறியவர்களுக்குக் கடைசி இரண்டு எண்களைப் பார்த்து மார்க்ஸ் கொடுக்கிறேன்.

எண்களை ஒப்பிடும்போது சமமா என்று கேட்காமல் வித்தியாசம் 0.01 ஐத் தாண்டாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பைதனில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், அதற்குப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது.

இனி அந்த சைபர். அந்தப் பிள்ளை வாசகத்தைத் தமிழில் எழுதியிருந்தார், "எடை:" என்று. அவருடைய விண்டோஸ் லெப்டொப்பின் கறுப்புத் திரையில் அழகாக ஓடியது. என்னுடையதும் விண்டோஸ்தான், ஆனால் வெளியீட்டை ஸ்கிரிப்ட் பிடிக்கும்போது பைதன், திரைக்குப் பயன்படுத்தும் யூனிகோடை (எல்லா மொழி எழுத்தும் அடங்கிய குறிமுறை) விட்டுவிட்டு விண்டோஸின் பழைய எழுத்துக் குறிமுறைக்குப் போய்விடுகிறது, அதில் தமிழே இல்லை. முதல் 'எ' யிலேயே யூனிகோட் என்கோட் எரர், பத்துச் சோதனையிலும் அதே கதை. ஆங்கிலத்தில் கேட்ட ஒருவருக்கும் இது நடக்கவில்லை, தமிழில் எழுதிய ஒரே ஆளுக்குத்தான்! ஓட்டும்போது 'பைதன்யூடிஎஃப்8' (PYTHONUTF8) என்ற சூழல் மாறியை, அதாவது ப்ரோக்ராமுக்கு வெளியே இருந்து கொடுக்கும் அமைப்பை, 1 என்று வைத்து, ரன் ஃபங்ஷனிலும் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் தீர்ந்தது. அன்றிரவே திருத்தித் திரும்ப ஓட்டினேன், அவருக்குப் பத்துக்குப் பத்து.

ஐந்தாம் படி: பூட்டு

மாணவர் ப்ரோக்ராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால் உங்கள் ஃபைல்களை வாசிக்கவும் அழிக்கவும் அதற்கு முடியும் என்று அர்த்தம். விடைகள் பக்கத்து ஃபோல்டரிலேயே கிடந்தால் திறந்து வாசித்து அச்சிடுவது நாலு வரி வேலை. லெப்டொப்பில் பழகிப் பார்க்கும்போது விடைகளை வேறிடத்தில் வைத்து, அதிகாரம் குறைந்த தனி யூசர் கணக்கில் ஓட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். உண்மையான மார்க்ஸ் என்றால், ப்ரோக்ராமை மற்ற ஃபைல்களிலிருந்து பிரித்து அடைத்து ஓட்டும் டொக்கர் கன்டெய்னருக்குள், நெட்வொர்க்கை அறுத்து, மெமரிக்கும் எல்லை வைத்து ஓட்டுங்கள். கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

கொப்பி அடிப்பதைப் பிடிக்க இந்த ஸ்கிரிப்ட் உதவாது. அதற்கு 1994 இல் அலெக்ஸ் அய்கன் உருவாக்கிய மாஸ் என்ற கருவி இருக்கிறது, மாறிகளின் பெயரை மாற்றி ஒளித்தாலும் ஒற்றுமையைக் காட்டும். அது காட்டுவது ஒற்றுமையை மட்டும்தான், கொப்பியா இல்லையா என்று நீங்கள் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆறாம் படி: மார்க்ஸ்

நான் சோதனைகளுக்கு 70, கோடின் ஒழுங்குக்கு 30 என்று பிரிக்கிறேன், அந்த 30 ஐக் கையால்தான் போடுகிறேன். மாறிக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறாரா, ஒரே கோடை மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறாரா என்பதெல்லாம் சோதனைக்குத் தெரியாது. முடிவுகளை சிஎஸ்வி ஃபைலாக எழுதுங்கள், எக்செல்லில் திறக்கலாம். மார்க்ஸோடு காரணத்தையும் அனுப்புங்கள்: "பெட்டி 0 என்ற சோதனையில் ஸீரோ டிவிஷன் எரர்" என்று ஒரு வரி போனால், "அண்ணா ஏன்?" என்று வரும் மெசேஜ்களில் முக்கால்வாசி வராது.

மார்க்ஸை வெளியிட முதல் சிஎஸ்வியை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே வரும் சைபர்காரர் எல்லாருடைய கோடையும் ஒவ்வொன்றாகத் திறந்து நீங்களே ஓட்டிப் பாருங்கள். எனக்கு அது ஒரு ப்ளேன்டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் எடுத்ததில்லை.