அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஆப்பிள் தோட்டத்துக்கு மெக்சிகோவிலிருந்து ஆள் எடுப்பது எப்படி

பறிப்பு தொடங்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் 20 அன்று ஆள் நிற்க வேண்டும் என்று வையுங்கள். எச்-2ஏ (பருவகால விவசாயத் தொழிலாளர் விசா) விதிப்படி வேலை விவரத்தை (790ஏ படிவம்) 75 முதல் 60 நாளுக்கு முன், அதாவது ஜூன் 6க்கும் 21க்கும் இடையில் கொடுக்க வேண்டும். தொழிலாளர் துறைக்கான 9142ஏ விண்ணப்பம் 45 நாளுக்கு முன், ஜூலை 6க்குள். பிறகு குடியேற்றத் துறையிடம் கொடுக்கும் மனுவுக்கு ஒப்புதல் வந்தால்தான் தொழிலாளர் விசா நேர்காணலுக்குப் போக முடியும். உள்ளூரில் தகுதியானவர் வேலை கேட்டு வந்தால், ஒப்பந்தக் காலம் பாதி கழியும்வரை அவரைச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும்.

தங்குமிடம் தயாராகாமல் நாள் தள்ளிப்போவது அடிக்கடி நடக்கும். படுக்கும் அறையில் தலைக்கு 50 சதுர அடி, கட்டில்களுக்கு இடையே 36 அங்குலம், 10 பேருக்கு ஒரு ஷவர். மூன்றடுக்குக் கட்டில் கூடாது. வாடகை வாங்கக் கூடாது. ஏணி, பறிப்புப் பை எல்லாம் உங்கள் செலவு.

ஊதியத்தில் இரண்டு கணக்கு. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசினாலும், மணிக்கூலிக் கணக்கில் குறைந்தால் மிச்சத்தை நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்தது முக்கால் பங்கு உத்தரவாதம்: 12 வாரம், வாரம் 40 மணி என்றால் 480 மணி, அதில் 360 மணி வேலையாவது தர வேண்டும், இல்லையேல் அதற்கான கூலியைத் தர வேண்டும். விளைச்சல் குறைந்தது, விலை விழுந்தது என்பதெல்லாம் சாக்காகாது. ஆகவே தேவைக்கு மேல் ஆள் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது மெக்சிகோ ஊர்களில் ஆள் சேர்க்கும் ஏஜென்ட்டிடம். தொழிலாளியிடம் அவர் ஒரு பெசோகூட வாங்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். எழுதினாலும் வாங்குவார்கள், "பட்டியலில் பெயர் சேர்க்க", "போட்டோவுக்கு" என்று பெயர் மட்டும் மாறும். அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியது. கடனோடு வருகிறவர் காய்ச்சலிலும் ஏணி ஏறுவார், கூலி குறைந்தாலும் வாய் திறக்க மாட்டார். கங்காணி முன்பணத்திலும், அந்தக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டிலும் இலங்கைத் தோட்டங்களில் நம்மவர்கள் கட்டுண்டு கிடந்ததும் இதே வழியில்தான்.

எனவே ஏஜென்ட் பக்கத்தில் இல்லாதபோது, ஒவ்வொருவரையும் தனியாக, ஸ்பானிய மொழியிலோ அவர் தாய்மொழியிலோ கேளுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எதற்குக் கொடுத்தீர்கள்? மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்திலிருந்து வருகிறவர்களில் மிஸ்டெக் என்ற பழங்குடி மொழி மட்டுமே சரளமாகப் பேசுகிறவர்களும் உண்டு. கொடுத்திருந்தால் உடனே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இல்லையேல் ஒப்புதலே ரத்தாகலாம். வரும் வழிச் செலவை ஒப்பந்தம் பாதி முடிந்ததும் கொடுத்தால் போதும் என்பது விதி. ஆனால் அந்தச் செலவைக் கழித்துப் பார்த்தால் முதல் வாரக் கூலி குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. முதல் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட்டைப் "பத்திரமாக" வாங்கி வைக்காதீர்கள், அது குற்றம். ஒப்பந்தப் பிரதி விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அவர் கையில் இருக்க வேண்டும். மணிக்கணக்கு, கூலிப் பதிவு அனைத்தையும் 3 ஆண்டு வையுங்கள்.