ஏர்போர்ட் சோதனையைக் கடப்பதும் எடைபோடுவதும் எப்படி

மதுரையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. முதல் தடவை விமானம் ஏறப் போகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். மகளின் பிரசவம் பார்க்க சிங்கப்பூர் கிளம்பிய உசிலம்பட்டி ஆத்தா ஒருத்தர், கைப்பையில் ஊறுகாய் கூடாது என்றதும் கேட்டார்: "ஏப்பா, ஊறுகாய்க்குள்ளயா குண்டு வைக்கப் போறேன்?" நியாயமான கேள்வி. எல்லாச் சோதனையும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் நம் நல்லதுக்கே என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

வரிசையில் நிற்கிற நேரத்தில் இப்படி யோசித்துப் பாருங்கள். இந்தச் சோதனை எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்தது? அதே எண்ணத்தோடு ஒருவன் வேறு பொருளோடு வந்தால் இது பிடிக்குமா? ஆபத்து குறைகிறதா, இல்லை பத்தடி தள்ளிப் போகிறதா? யோசனை மனசுக்குள்ளேயே இருக்கட்டும். பையை ஸ்கேன் செய்யும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சிஐஎஸ்எஃப் (மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை) காவலரிடம் கேட்டால் விமானம் போய்விடும். விதி போட்டவர் அவர் இல்லை.

முதலில் பெட்டி. செக்-இன் பெட்டியை, அதாவது கவுண்டரில் கொடுத்து விமானத்தின் அடியில் போகும் பெட்டியை, போட்டுவிட்டு ஆள் விமானம் ஏறும் கேட்டுக்கு வராவிட்டால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கிய பிறகுதான் விமானம் கிளம்பும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்க வேண்டாம், இருக்கிற விதிகளிலேயே உருப்படியானது இதுதான். 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் வெடித்தது, ஒரு பயணி பெயரில் போடப்பட்டு ஆள் ஏறாமல் விட்ட பெட்டிதான். கொழும்பு விமானத்தில் போக வேண்டிய பெட்டி, சென்னையிலேயே வெடித்து ஏறத்தாழ முப்பது பேரைக் கொன்றது. மறு வருஷம் ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேலே சிதறி 329 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெட்டி ஏறியிருந்தது, ஆள் ஏறவில்லை. பெட்டியையும் ஆளையும் பொருத்திப் பார்ப்பது, நடந்ததைப் பார்த்துச் சரியான இடத்தில் போட்ட பூட்டு.

அதனால் உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது: அடுத்த தெருக்காரர் "என் மருமகனுக்கு" என்று நீட்டும் பார்சலைக் கட்டோடு வாங்காதீர்கள். அவர் முன்னாலேயே பிரியுங்கள். மல்லிப்பொடி மல்லிப்பொடிதானா, கருவாட்டுக்கு அடியில் வேறு என்ன என்று பார்த்துவிட்டு நீங்களே கட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

விமானி அறையின் கதவும் இதே தரம். 2001 செப்டம்பருக்குப் பிறகு அதை உடைக்க முடியாத கதவாக மாற்றினார்கள். பயணிக்குத் துளி தொந்தரவு இல்லை, பலன் பெரிது. ஆனால் 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில், விமானி வெளியே போனதும் துணை விமானி அதே கதவை உள்ளே பூட்டிக்கொண்டு மலையில் மோதினார். 150 பேர். நல்ல பூட்டுக்கும் மறுபக்கம் உண்டு.

இனி ஆத்தாவின் ஊறுகாய். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அமெரிக்கா, கனடா போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருள் வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதிலிருந்துதான் 100 மில்லி விதி வந்தது. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் போகும் தண்ணீர், தைலம், நெய், ஊறுகாய் எதுவும் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாமே ஒரு லிட்டர் தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். சதி நிஜம். ஆனால் நாலு பேர் ஆளுக்கு 100 மில்லி கொண்டுபோய் உள்ளே சேர்த்தால்? அதற்கு இந்த விதியில் பதில் இல்லை. பைக்குள் இருப்பதை எல்லாப் பக்கமும் படம்பிடித்துக் காட்டும் புது சிடி (CT) ஸ்கேனர் வந்த இடங்களில் சில நாடுகள் இதைத் தளர்த்திவிட்டன. நம் ஊருக்கு அது வரும்வரை ஊறுகாயை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, துணிமணிக்கு நடுவே செக்-இன் பெட்டியில் வையுங்கள். அரிவாள்மனையும் அதிலேயே போகட்டும், அட்டையில் நன்றாகச் சுற்றி.

செருப்புக் கதையும் இதே மாதிரிதான். 2001 டிசம்பரில் ஒருவன் பூட்ஸுக்குள் வெடிபொருள் வைத்து பாரிஸ்–மியாமி விமானத்தில் ஏறினான். அதற்குப் பிறகு அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் சோதனையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். 2025 ஜூலையில்தான் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். அதே நாட்டில் 2015-இல் அரசின் ஆட்களே போலி ஆயுதம், போலி வெடிபொருளோடு சோதித்துப் பார்த்தபோது, 70 தடவையில் 67 தடவை பிடிபடாமல் உள்ளே போய்விட்டதாகச் செய்தி வந்தது. போன சம்பவத்தின் பொருளைத் தேடிக்கொண்டே இருந்தால் இதுதான் கதி.

நம் விதிகளில் எனக்குச் சிரிப்பு வருவது தேங்காய் விஷயத்தில். சாதாரணமாகக் கைப்பையில் தேங்காய் கூடாது. 2022-இல் சபரிமலை சீசனுக்கு மட்டும், ஜனவரி 20 வரை, இருமுடியில் இருக்கும் தேங்காயை ஸ்கேன் செய்து, வெடிபொருள் தடயம் பார்த்து உள்ளே விடலாம் என்று அனுமதித்தார்கள். 2024-இலும் அப்படியே. சாமிகள் நிம்மதியாகப் போய்வந்தார்கள், சந்தோஷம். ஆனால் கார்த்திகையில் சோதித்துவிட்டு அனுப்பக்கூடிய தேங்காயை மாசியில் ஏன் அனுப்ப முடியாது? கொப்பரை வேறு கதை. எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்று அதைச் செக்-இன் பெட்டியிலும் விட மாட்டார்கள். அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான். இதற்கும் தீவிரவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் யாராவது அணைக்கலாம். அடியில் சரக்கோடு இருந்தால் யார் பார்ப்பது? பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தை வாட்-அவரில் அளப்பார்கள்; 100 வாட்-அவர் வரை பிரச்சினை இல்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் சுமார் 74 வாட்-அவர், தாராளமாகப் போகும். எழுத்து அழிந்துபோன பழசைக் கொண்டுபோகாதீர்கள், பிடுங்கி வைத்துக்கொள்வார்கள்.

தீ என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில்வே யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், சட்டவிரோதமாக ஏற்றி வந்த சமையல் கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் கருகினார்கள். விமான நிலையத்தில் ஒரு தீப்பெட்டியைக்கூட விடுவதில்லை. ரயிலில் சிலிண்டர் ஏறி வந்திருக்கிறது. ஆபத்தைத் தேடிப் போவது என்றால் ஆளும் மெஷினும் எங்கே நிற்க வேண்டும்? இதைக் கேட்டால் கடைக்கு வரும் ரயில்வேக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் கொஞ்சம் முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும். மூட்டு மாற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு மெட்டல் டிடெக்டர் கத்தத்தான் செய்யும். டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நடக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்களைத் திரைக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார் என்பதை ஆத்தாவிடம் வீட்டிலேயே சொல்லி வையுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் கூசிப்போய் நிற்பார்.

கடைசியாக, வாசல். 2011-இல் மாஸ்கோவில் வருகைக் கூடத்திலும், 2016-இல் பிரஸ்ஸல்ஸில் புறப்பாட்டுக் கூடத்திலும் குண்டு வெடித்தது. இரண்டுமே பயணிகளைச் சோதிக்கும் வரிசைக்கு வெளியே நடந்தவை. நம் ஊரில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் கட்டட வாசலிலேயே பார்க்கிறார்கள். அது கூடத்தைக் காப்பாற்றும். வாசலில் நிற்கும் கூட்டத்தை எது காப்பாற்றும்? எவ்வளவு கெடுபிடி கூடுகிறதோ அவ்வளவு கூட்டம் வெளியே தேங்கும். சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம் இன்னும் மோசம். அந்த வாரம் பயணம் என்றால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, வரிசை சிறியதாக இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். ஒருத்தரை வழியனுப்ப வேன் பிடித்து ஊரே வருவது நம் வழக்கம். மாலை மரியாதையெல்லாம் வீட்டு வாசலில் முடியட்டும், மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்கு இரண்டு பேர் வந்தால் போதும்.