பழைய காரை வீட்டிலேயே மெதுவாகப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உற்சாகத்தில் காரை ஒரே மூச்சில் கழற்றிப் போட்டுவிடுவதுதான் பல கார்களைப் பாதியிலேயே நிறுத்துகிறது. ஒரு மாதத்தில் கழற்றியதை விடுமுறை நாட்களில் மட்டும் பூட்டினால் மூன்று வருடம்கூட ஆகலாம். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். போல்ட்டை அதன் துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைப்பது நல்லது. முடியாவிட்டால் பையில் போட்டு, ‘முன் இடது கதவு, மேல் கீல்’ என்று எழுதுங்கள். ‘முன்பக்கம்’ என்று மட்டும் எழுதினால் பிறகு உங்களுக்கே புரியாது. புது உதிரிபாகம் பொருந்தும்வரை உடைந்த பழையதைத் தூக்கி எறியாதீர்கள். அளவுக்கும் துளைகளின் இடத்துக்கும் அதுதான் சாட்சி.

தகட்டைச் சுரண்டி, பெயின்ட்டுக்கு அடிப்பூச்சான சாம்பல் பிரைமர் அடித்து, ‘பெயின்ட் அப்புறம்’ என்று விடுவது மெதுவாக வேலை செய்பவர்களுக்கே உரிய தவறு. சாதாரண பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, உறிஞ்சும். மேலே சுத்தமாகத் தெரியும்; சில மாதம் கழித்துத் தேய்த்தால் அடியில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு. ஈரக்காற்றில் வெறுந்தகடு ஒரே இரவில் பழுப்பேறிவிடும். ஆகவே அன்றைக்கே, ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் சுரண்டுங்கள். துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைக்கவே கூடாது. பட்டியும் ஈரம் குடிக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கும் இடமெல்லாம், நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டியதுதான்.

வெட்டுவதிலும் முறை உண்டு. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடுதான் எடையில் பெரும்பங்கைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு மூடாது. முதலில் கதவு இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்த பின், ஒரு பக்கமாக வெட்டுங்கள். வெல்டிங்கை நீளமாக இழுத்தால் தகடு நெளியும், 25 மி.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, இடம் மாற்றி மாற்றி நிரப்புங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் தீ காட்டாதீர்கள். வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவிதான். இன்னொன்று: ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில், ‘ஓடுதா பார்ப்போம்’ என்று செல்ஃப் அடிக்காதீர்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். நகராவிட்டால் இன்னும் ஊறட்டும். நீளமான குழாயை மாட்டி நெம்புவது வினையை விலைக்கு வாங்குவதுதான். கிழட்டுப் பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைக்கும், அதை முழுக்க வடித்துவிடுங்கள்.

பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடி இருந்தால் பலரும் காலிப்பரை (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றுவார்கள். குற்றவாளி பிரேக் ஹோஸாகவும் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்) இருக்கலாம்: ரப்பர் உள்ளே வீங்கி, எண்ணெயைப் போகவிட்டுத் திரும்ப விடாது. பழைய பிரேக் ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

புதுப் பெயின்ட் அடித்தபின் விளக்குகள் மங்கினால் உடனே வயரிங் வாங்கப் போகாதீர்கள். எர்த் போல்ட்டை (வயரைக் காரின் உடலோடு இணைப்பது) கழற்றி, மின்சாரத்தைத் தடுக்கும் அடிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.