அமெரிக்க அடிமைமுறை விவாதம்: எழுதும்போது சறுக்கும் இடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமைமுறையை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் முன்வைத்த வாதங்களைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் முதல் பத்தியிலேயே வழுக்கிவிடுகிறார்கள். “அந்தக் காலத்தில் அது தவறென்று யாருக்கும் தெரியாது” என்று தொடங்குவார்கள். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் பொறுப்பதில்லை. சவுக்கடி பட்டவர்களுக்குமா தெரியாது? பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த டேவிட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் 1829-இலேயே அடிமைமுறையைக் கண்டித்து நூல் எழுதி அச்சிட்டார். அடிமைமுறை நிலவிய தெற்கு மாநிலங்கள் மிரண்டுபோய், அது உள்ளே வராமல் தடுக்கச் சட்டம் போட்டன.

அடிமைகளை வைத்திருந்த உடைமையாளர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் காலத்துத் தலைவர்கள் பலர் அதைத் தீமை என்று ஒப்புக்கொண்டு, உடனே கைவிட முடியாது என்று சமாதானம் சொன்னார்கள். பருத்தியில் லாபம் கொழித்து, வடக்கில் எதிர்ப்பும் வலுத்த பிறகு பேச்சு மாறியது. 1837-இல் தெற்கத்தி அரசியல்வாதி ஜான் கால்ஹூன் செனட் சபையில் எழுந்து, அது தீமையே அல்ல, நன்மை என்று வாதிட்டார். ஆகவே ஆதரவு வாதங்களை ஒரே மூட்டையாகக் கட்டாமல், எது எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பைபிளை ஒரு தரப்புக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டாம். இரண்டு தரப்பும் அதையே மேற்கோள் காட்டின.

“உள்நாட்டுப் போரில் தெற்கு போராடியது மாநில உரிமைக்காக”, அதாவது மத்திய அரசு தலையிடாமல் மாநிலங்களே முடிவெடுக்கும் உரிமைக்காக, என்பது அடுத்த சறுக்கல். தப்பியோடியவர்களைப் பிடித்துக் கொடுக்கும்படி வடக்கை நிர்ப்பந்தித்த 1850-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அதைக் கொண்டுவரச் சொன்னதே தெற்குதான். அப்போது மாநில உரிமை பேசி அதை எதிர்த்தவை வடக்கு மாநிலங்கள். 1861-இல் தெற்கு மாநிலமான மிசிசிப்பி நாட்டிலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையோ, தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் சமத்துவவாதிகள் என்றும் எழுதிவிடக் கூடாது. 1857-இல் தெற்கத்தி வெள்ளையரான ஹிண்டன் ஹெல்பர் அடிமைமுறையைச் சாடியது ஏழை வெள்ளையர்களுக்காக. கறுப்பினத்தவர் மீது அவருக்கு வெறுப்பே இருந்தது. ஒன்றாக நின்றவர்களுக்குள்ளும் பிளவு உண்டு. அரசியல் சட்டம் அடிமைமுறைக்குத் துணைபோகிறது என்று அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகை ஆசிரியர் காரிசன் 1854-இல் அதன் பிரதியைக் கொளுத்தினார். அதே சட்டத்தை அடிமைமுறைக்கு எதிரான ஆயுதமாக்கலாம் என்ற முடிவுக்கு, அடிமையாயிருந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ் 1851-லேயே வந்திருந்தார்.

எல்லாவற்றிலும் என்னைச் சுடுவது, “அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்தார்கள்” என்ற உடைமையாளர் வாதத்தை ‘இன்னொரு கோணம்’ என்று அப்படியே எடுத்து எழுதுவதுதான். அவ்வளவு நிறைவு இருந்திருந்தால், தப்பியோடுவதை ஒரு மனநோய் என்று சொல்லி 1851-இல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் அதற்குப் பெயர் சூட்ட வேண்டிய தேவை ஏன் வந்தது? அடிமைமுறை எதிர்ப்பாளர் தியடோர் வெல்டும், அவர் மனைவி ஏஞ்சலினா கிரிம்கேயும், ஏஞ்சலினாவின் அக்கா சாராவும் தெற்கத்திப் பத்திரிகைகளை ஆயிரக்கணக்கில் புரட்டி, உடைமையாளர்களே கொடுத்த விளம்பரங்களைத் திரட்டி 1839-இல் நூலாக்கினார்கள். ஓடிப்போனவரை அடையாளம் காட்ட, அவர் உடம்பிலுள்ள தழும்புகளைக் கூசாமல் பட்டியலிடும் விளம்பரங்கள் அவை. வட கரோலினாக்காரர் ஒருவர் 1838-இல் கொடுத்தது இது: இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் ஓடிவிட்டாள், அதற்குச் சில நாள் முன்புதான் அவள் இடக் கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டேன், ‘எம்’ என்ற எழுத்தைப் பதிக்க முயன்றேன்.