வாசலுக்கு வந்த ஆமையை ஆற்றில் விடாதீர்கள்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கிறது எங்கள் ஊர். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இரண்டு மணி நேரம் மழை கொட்டினால் லோங்காங், அதாவது சாக்கடை, நிரம்பி வாசலுக்கு வந்துவிடும். கூடவே பாம்பு வரும், ஒற்றைச் சிலிப்பர் வரும், யார் வீட்டு வாளியோ வரும். போன மாதம் ஓர் ஆமை வந்தது. சோற்றுத் தட்டு அகலம். பூச்சாடிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டியதும் 'உஸ்' என்றது. கோபம் என்று நினைத்துப் பின்வாங்கினேன். தலையையும் காலையும் உள்ளே இழுக்கும்போது நுரையீரலில் இருக்கிற காற்று வெளியேறும் சத்தம்தான் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "ஆம பூந்த வீடு உருப்படாதும்பாங்க தம்பி. பேசாம ஆத்துல விட்டுட்டு வாங்க லா, புண்ணியமாப் போகும்." தோஷமும் கழியும், புண்ணியமும் சேரும். ஒரே பயணத்தில் இரண்டு காரியம். பாசத்தால் செய்கிற தவறுகளில் இதுதான் முதலாவது, பெரியதும் இதுதான்.

வந்தது எந்த ஆமை என்று பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது. கண்ணுக்குப் பின்னால் குங்குமக் கோடு இழுத்த மாதிரி இரண்டு பக்கமும் சிவப்புப் பட்டை, வயிற்றுப்புறம் மஞ்சளில் கரும்புள்ளிகள் என்று இருந்தால் அது சிவப்புக் காது ஆமை. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். வயதான ஆணுக்குப் பட்டை மங்கிப் போகும் என்பதால் பட்டை தெரியவில்லை என்று மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். முகத்தில் மஞ்சள் கோடுகள், உயர்ந்த ஓடு, தொட்டால் அடி ஓடு கீல் வைத்த பெட்டி மாதிரி முழுக்க மூடிக்கொள்கிறது என்றால் அது நம் நாட்டுப் பெட்டி ஆமை. தலை கறுத்து, கண்ணுக்கு மேல் வெளுத்த புள்ளி இருந்தால் சதுப்புநிலக் கறுப்பு ஆமையாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் மேலே, கீழே, முகம் என்று மூன்று படம் எடுத்து வனவிலங்கு இலாகாவுக்கு, அதாவது பெர்ஹிலித்தானுக்கு அனுப்பிக் கேளுங்கள். நம் நாட்டு ஆமைகளில் பலவற்றுக்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்தால் இரக்கம் வழக்கில் முடியும்.

சிவப்புக் காதை ஆற்றில் விட்டால் என்ன கெட்டுவிடும்? நான் கேட்ட கேள்விதான். பள்ளியில் படித்தபோது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஐம்பது காசு அகலத்தில் ஒரு குஞ்சு வாங்கினோம். "இதுக்கு மேல வளராது" என்று விற்றவர் சத்தியம் பண்ணினார். நான்கு வருடத்தில் பேசினுக்குள் திரும்ப இடமில்லாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அப்பாவும் நானும் மோட்டாரில் எடுத்துப்போய் பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் விட்டோம். நீந்திப் போவதைப் பார்த்துக் கைகூட ஆட்டினேன். இந்த ஆமை 20, 30 வருடம் வாழும், பெண் 25 செண்டிமீட்டரைத் தாண்டும், ஒரே ஆண்டில் பலமுறை முட்டையிடும் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. குளிர்நாட்டில் இதை அடக்கிவைக்கப் பனிக்காலம் ஒன்று இருக்கிறது. இங்கே எல்லா மாதமும் அதற்குக் கோடைதான். வெயில் காயும் கட்டையிலிருந்து நம் ஊர் ஆமையைத் தள்ளிவிடும், தீனியைப் பிடுங்கிக்கொள்ளும், வளர்ப்புத் தொட்டியில் ஒட்டிய நோயையும் ஒட்டுண்ணியையும் இறக்கிவிடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவிகள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியை நிறுத்தியது. ஜப்பான் 2023இல் விற்பதையும் வெளியில் விடுவதையும் தடுத்தது.

(எங்கள் பக்கத்தில் தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டத்தில் 1917இல் வணிகத்துக்காக நட்ட செம்பனையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று என் தம்பி மடக்குவான். அதை வைத்தே நாம் சோறு தின்றதால் பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செம்பனை இரவில் எழுந்து ஆற்றுக்கு நடந்து போவதில்லை.)

கோயில் குளம், பள்ளிக்கூட மீன்தொட்டி, தோட்டத்துப் பாரிட் வாய்க்கால் எல்லாமே ஆற்றின் கணக்கில்தான் வரும். அடுத்த வெள்ளத்தில் அங்கிருந்தும் கிளம்பிவிடும்.

வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் மீதித் தவறுகள் நடக்கின்றன. வாளி நிறையத் தண்ணீர் பிடித்து உள்ளே போட்டுவிடுவோம். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. களைத்துப்போன ஆமை ஏறி நிற்க ஒரு கல் இல்லாவிட்டால் மூழ்கியே சாகும். அதற்குப் பயந்து வெயிலில் காய வைப்பது இன்னொரு தவறு. நிழல் இல்லாத பேசினில் சிறிது நேரத்திலேயே வெந்துபோகும். அகலமான தொட்டி, ஓடு நனையும் அளவுக்குத் தண்ணீர், சாய்வாக ஒரு செங்கல், பாதி வெயில் பாதி நிழல். அன்றைக்கு இது போதும்.

பிறகு சோறு, ரொட்டி, சோசேஜ், பால் என்று பந்தி நடக்கும். தொடாது. "நோய்வாய்ப்பட்டிருக்கு போல" என்பார்கள். இந்த ஆமையால் தண்ணீருக்கு வெளியே சரியாக விழுங்க முடியாது என்பதுதான் விஷயம். கங்கோங் கீரையையும் ஆமைத் தீனி உருண்டையையும் தண்ணீரில் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். புது இடம் என்பதால் ஓரிரு நாள் சாப்பிடாமல் இருப்பதும் உண்டு. கண் வீங்கி மூடியிருந்தால், மூக்கில் குமிழி வந்தால், ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

ஓட்டில் விரிசல் இருந்தால் நம் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகும். சிலர் சூப்பர் குளூவும் ஊற்றுவார்கள். ஓடு என்பது முதுகெலும்போடும் விலாவோடும் ஒட்டி வளர்ந்த உயிருள்ள எலும்பு. பசையால் மேலே மூடினால் கிருமி உள்ளேயே தங்கி அழுகும். உப்புநீரில் கழுவி, சுத்தமான ஈரத்துணி சுற்றி, தண்ணீரில் விடாமல் பெட்டியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாடும் பூனையும் பார்க்கிறவர் எல்லாரும் ஆமை பார்ப்பதில்லை. போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பினால் கிள்ளான் வரைக்கும் வீணாக ஓட வேண்டியிருக்காது. ஓடிப்போகாமல் இருக்க ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது லயத்துப் பையன்களின் பழைய வித்தை. அது நம் விரல் எலும்பில் துளை போடுவதற்குச் சமம்.

தூக்கும்போது வாலையோ ஒற்றைக் காலையோ பிடிக்காதீர்கள். இரண்டு கையாலும் ஓட்டின் இரு பக்கத்தையும் பின்னங்கால் பக்கமாகப் பிடித்தால் வாய் எட்டாது. சிறுநீர் பாயும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமையல் சிங்க்கில் கழுவவே கூடாது. பார்க்க நலமாக இருக்கிற ஆமையும் சல்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். குழந்தைகளுக்குத் தொற்றுகிறது என்றுதான் அமெரிக்காவில் 1975லேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை நிறுத்தினார்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையைத் தொடவே விடாதீர்கள்.

எடுத்து வளர்க்கலாம் என்று மனசு சொல்வதற்கு முன் உங்கள் தமான், அதாவது குடியிருப்பு, வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து வெள்ளத்தில் தப்பியதாக இருக்கலாம். படத்தைப் போடும்போது அடி ஓட்டை மட்டும் காட்டாமல் வையுங்கள். சொந்தக்காரர் என்று வருகிறவரிடம் அதன் அடையாளத்தைக் கேட்கலாம். யாரும் வராவிட்டால் பெர்ஹிலித்தானிடம் சொல்லி, ஒப்படைப்பதா, வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுமா என்று கேட்டுச் செய்யுங்கள்.

எங்கள் ஆமைக்கும் யாரும் வரவில்லை. முன்னங்காலில் நீண்ட நகம் இல்லை, வால் குட்டை, அதனால் பெண். தண்ணீரை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் நடந்து வருகிற பெண் ஆமை பல நேரம் முட்டையிட இடம் தேடித்தான் வரும். அது வந்த அன்றைக்குப் பெரிய பூச்சாடியின் ஓரத்தில் பின்னங்காலால் பறித்த மாதிரி ஒரு குழி இருந்தது. நாய் வேலை என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதும் ஒரு தவறுதான். முட்டை பொரிக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். நாளைக்கு அக்காவிடம் மண்கரண்டி வாங்கித் தோண்டிப் பார்க்க வேண்டும்.