பழைய கடல் நாவல் ஒன்னை நம்ம கரைப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறது எப்படி

ருட்யார்ட் கிப்ளிங் எழுதி 1897ல வந்த ‘கேப்டன்ஸ் கரேஜியஸ்’ தான் நாவல். ஹார்வின்னு 15 வயசுப் பையன், கோடீஸ்வர அப்பனோட செல்லப்பிள்ளை, பெரிய பயணிகள் கப்பல்ல இருந்து கடல்ல விழுந்துடுறான், மானுவேல்ங்கிற மீனவர் அவனைத் தூக்கிக் காப்பாத்தி மீன்பிடிக் கப்பலுக்குக் கொண்டு வாராரு. சீசன் முடியாம கரைக்குத் திரும்ப மாட்டேன், அதுவரைக்கும் மாசம் பத்தரை டாலர் சம்பளம், வேலை செய்யின்னு கேப்டன் டிஸ்கோ ட்ரூப் சொல்லிடுறாரு. கதை அம்புட்டுதான். ஆனா பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பிள்ளைகளுக்கு இது ஒட்டுற மாதிரி வேற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒட்டாதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டா, மீன்பிடித் தடைக்காலத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பள்ளிக்கூடமும் லீவு, அப்பா, தாத்தா எல்லாரும் கரையில வலை பழுது பாத்துக்கிட்டு இருப்பாக. மொத்தம் பத்து அத்தியாயம், வாரத்துக்கு ஒன்னோ ரெண்டோ போதும். காப்புரிமை முடிஞ்ச புத்தகம், நெட்ல இலவசமாவே கிடைக்கும். இங்கிலீஷை அப்படியே வாசிக்காதீங்க, அந்தக் காலத்து மீனவர் கொச்சை, பெரியவுகளுக்கே பல்லு உடையும், நீங்க முன்னாடியே படிச்சுட்டு நம்ம பேச்சுல சொல்லுங்க.

நான் முதல்ல செஞ்ச தப்பைச் சொல்றேன். அக்கா மகனுக்கு முதல் அத்தியாயம் சொல்லி முடிச்ச உடனே ‘பாத்தியாடா, நீயும் இப்படித்தான் சோத்துத் தட்டைக் கூடக் கழுவாம எந்திரிச்சுப் போற’ன்னு சொல்லிட்டேன், பய எந்திரிச்சுப் போனவன் நாலு நாளா என்கிட்ட வரவே இல்ல. புத்திமதி உங்க வாயில இருந்து வரவே கூடாது, வேலையைச் சொல்லுங்க, வேலை மட்டும் போதும்.

வேலைன்னா ரெண்டாவது அத்தியாயத்துல வர்ற மீன் வெட்டு. ராத்திரியில விளக்கு வெளிச்சத்துல ஒருத்தர் மீனைக் கீற, ஒருத்தர் ஈரலை எடுத்துட்டுத் தலையை முறிக்க, ஒருத்தர் நடுமுள்ளை உருவ, கீழ உப்புப் போட்டு அடுக்குறாங்க, ஹார்விக்கு இடுப்பு ஒடியுது. இதை எங்க அய்யா பக்கத்துல உக்காந்து கேட்டாக. ‘எம்புட்டு உப்பு போடுறான், ஐஸ் இல்லையா’ன்னு அவுக கேக்க, அந்தக் கப்பல்ல கொண்டு போன உப்பு தீந்தாத்தான் கரைக்குத் திரும்புவாங்கன்னு நான் சொல்ல, அய்யா பாறை மீனைக் கருவாடு போட்ட கதையை ஒரு மணி நேரம் பேசுனாக, பய வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டான். அதனால கடலுக்குப் போன ஒரு பெரியவரை கண்டிப்பா பக்கத்துல வச்சுக்கங்க, எந்த டிக்சனரியும் அவுகளுக்கு ஈடாகாது.

ஒரு வார்த்தையில மட்டும் உஷாரா இருங்க. புத்தகத்துல ‘ட்ரால்’னு வந்தா நம்ம விசைப்படகு இழுக்குற மடி வலைன்னு நினைச்சுடாதீங்க, அது வரிசையா தூண்டில் முள்ளு கட்டுன நீளக் கயிறு, நம்ம ஆயிரங்கால் தூண்டில் மாதிரி. ‘டோரி’ன்னா கப்பல்ல இருந்து இறக்குற சின்ன ஓடம், ஒருத்தரோ ரெண்டு பேரோ அதுல போய் தூண்டில் போடுவாக. மூடுபனியைப் புரிய வைக்கிறதுதான் சிரமம், நம்ம கடல்ல அப்படிக் கிடையாது. ஐப்பசி மழையில கரை மறைஞ்சு போயி திசை தெரியாம நிக்கிறதைச் சொல்லுங்க, அங்க கப்பல்ல மணி அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, ஓடம் சத்தத்தை வச்சுத் திரும்பி வரும்.

அந்தக் கப்பல் மீனவர் லாங் ஜாக் ஹார்விக்குக் கயிறு பேரெல்லாம் சொல்லிக் கொடுக்குற இடம் வந்ததும் புத்தகத்தை மூடிட்டு கரையில ஏத்தி வச்ச வல்லத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, முன்பக்கத்து அணியம் எது, பின்பக்கத்து அமரம் எது, சுக்கான் எதுன்னு கையால தொட்டுச் சொல்லட்டும். ஹார்வியைக் கதையில கயித்தால அடிச்சுத்தான் பழக்குவாங்க. அது தப்புன்னு பிள்ளைகிட்ட நேராவே சொல்லிடுங்க. சமையல்காரரைக் கருப்பர்னு இழிவாச் சொல்ற வார்த்தைகளும் வரும், அதையும் மறைக்காம, அந்தக் காலத்து அசிங்கம்னு சொல்லுங்க.

ஒன்பதாம் அத்தியாயத்துல அப்பன் தனி ரயில் பெட்டியில அமெரிக்காவைக் குறுக்க கடந்து மகனைப் பாக்க ஓடி வாராரு, ரயில் பிடிக்காத பிள்ளைக்கு அதைச் சுருக்கிடலாம். 1937ல வந்த படத்தை முதல்ல போட்டுக் காட்டாதீங்க, அதுல ஹார்வி சின்னப் பையன், மானுவேல் செத்துப் போயிடுவாரு, நாவல்ல அப்படி இல்ல.

கடைசி அத்தியாயத்துல ஊர்ச் சனம் கூடி, அந்த வருசம் கடல்ல போனவுக பேரை ஒவ்வொன்னா வாசிப்பாங்க. எங்க வீட்டுல அய்யா எந்திரிச்சு வெளிய போயிட்டாக, அவுக தம்பி கடலுக்குப் போயி திரும்பலை, அதை நான் யோசிக்கவே இல்ல. உங்க வீட்டுலயும் அப்படி யாராச்சும் இருந்தா, முந்தின நாளே பெரியவுகட்ட இப்படி ஒரு இடம் வருதுன்னு சொல்லிட்டு, அவுக சரின்னா மட்டும் அந்தப் பக்கத்தை எடுங்க.