தாத்தாப்பூவைப் பிரித்துப் பார்த்து அறிவியல் பெயர் எழுதுவது எப்படி?

வேளச்சேரியோ தாம்பரமோ, காலி மனை என்று ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் தாத்தாப்பூ இருக்கும். வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு எல்லாம் இதுதான். பேச்சுக்கு எந்தப் பெயரும் போதும். செடியை உலர்த்தி ஒட்டி வைக்கும் ஹெர்பேரியத் தாளுக்கு ஒரே பெயர்தான்.

தேவை: 10 மடங்கு லென்ஸ், புது பிளேடு, குண்டூசி, வெள்ளைத்தாள், பழைய செய்தித்தாள்.

1. வெயில் ஏறுமுன் பறியுங்கள். மொட்டு, பூ, முற்றிய காய் மூன்றும் உள்ள செடியை வேரோடு எடுக்க வேண்டும். காயை விட்டுவிட்டு வந்தால் மூன்றாம் படியில் மாட்டிக்கொள்வீர்கள். பக்கத்தில் பார்த்தீனியம் இருந்தால் கையுறை போடுங்கள், அரிப்பு வரும்.

2. பூவை உச்சியிலிருந்து காம்பு வரை நேராக இரண்டாக வெட்டுங்கள். இது ஒரு பூ அல்ல, சிரமஞ்சரி: பல சிறுமலர்கள் நெருங்கி ஒரே பூப்போலத் தெரியும் கொத்து. குண்டூசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளில் வையுங்கள். ஓரத்தில் 'இதழ்' போல இருப்பது ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். பெரும்பாலும் ஐந்தாறு இருக்கும், நுனியில் 3 பல். நடுவில் உள்ளவை மஞ்சள் குழல்கள், நுனியில் 5 பல். லென்ஸில் பாருங்கள்: மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயாகி, அதன் நடுவே சூல்தண்டு வெளியே வரும். சூற்பையோ எல்லாவற்றுக்கும் கீழே. இத்தனையும் சேர்ந்திருந்தால் குடும்பம் ஆஸ்டரேசி, அதாவது சூரியகாந்திக் குடும்பம். பலர் இதழை எண்ணியே குடும்பம் சொல்லப் பார்ப்பார்கள். அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

3. இனி காய். கறுப்பாக, ரோமத்தோடு, தலையில் பாப்பஸ் எனும் இறகு போன்ற மயிர்க்கொத்து இருந்தால் தாத்தாப்பூ. குழப்பம் வருவது கரிசலாங்கண்ணியோடுதான்: அதன் கதிர்ச் சிறுமலர்கள் நூல் மாதிரி மெலிந்து ஏராளமாக இருக்கும், காயில் இறகு கிடையாது. மஞ்சள் கரிசலாங்கண்ணி அதன் நிற வகை இல்லை, பேரினமே வேறு.

4. பெயர்: டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் எல். முதலாவது பேரினம், அடுத்தது சிற்றினம். புரோகம்பென்ஸ் என்றால் 'தரையில் படர்வது' என்று பொருள். ரோமன் எழுத்தில் எழுதினால் பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியது, இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக அடிக்கோடு. 'எல்.' என்பது 1753இல் பெயர் சூட்டிய ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ். அதற்கு அடிக்கோடு வேண்டாம்.

கரிசலாங்கண்ணிக்கு எக்லிப்டா புராஸ்ட்ரேட்டா (எல்.) எல். என்று வரும். அச்சுப்பிழை இல்லை. 1753இல் வெர்பெசினா பேரினத்தில் வைத்தவரும் லின்னேயஸ், 1771இல் எக்லிப்டாவுக்கு மாற்றியவரும் அவரே. முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள், மாற்றியவர் வெளியே. கரிசலாங்கண்ணி எண்ணெய் பாட்டில்களில் இன்னும் காணும் எக்லிப்டா ஆல்பா இதன் இணைப்பெயர், அதே செடியின் இன்னொரு அறிவியல் பெயர்.

5. செய்தித்தாளில் விரித்து, மேலே செங்கல் வையுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு முதல் நாலு நாள் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்தபின் நிறம் மங்கும். அதனால் பூ நிறம், இடம், தேதி மூன்றையும் பறித்த இடத்திலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.